என் இரத்தத்தில் யாரைத் தேடினார்கள்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். என் எழுத்து வளைந்து போகும். முன்னுக்கு நடந்ததைப் பின்னுக்குச் சொல்லிவிடுவேன், சில பேர்களும் மறந்துவிட்டன. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கிளினிக்கில் எங்களைப் பார்க்கிற சின்ன டொக்டர்தான், "அம்மா, உங்களுக்கு நடந்ததை எழுதித் தாங்கோ. புதுசா வாற ஆக்களுக்கு வாசிக்கக் குடுப்பம்" என்று கேட்டார். நாலு பேருக்கு முன்னால் கதைக்கச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுகிறபோது யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்பதால் சம்மதித்தேன்.

எங்கள் வீடு பருத்தித்துறையில், கடற்கரைப் பக்கம். கணவர் காலமாகிக் கன வருஷம். மகள் தேவகியோடும் மருமகனோடும் பேரப்பிள்ளைகளோடும் இருக்கிறேன். மருமகன் கடலுக்குப் போகிறவர். மிஞ்சி வருகிற மீனை வெட்டி உப்புப் போட்டுக் கருவாடாக்குவது என் வேலை.

முதலில் வெறும் களைப்புத்தான். ஒரு பெட்டி மீன் வெட்டி முடிக்க முன்னமே இருந்த இடத்தில் கண் சொருகும். சட்டை தோளில் நிற்காமல் வழுகியது. நித்திரையில் வேர்த்துத் தலையணை நனையும். இடது விலாவுக்குக் கீழே யாரோ ஒரு கல்லை வைத்துக் கட்டினது போலக் கனம். இரண்டு வாய் புட்டுச் சாப்பிட்டால் வயிறு நிரம்பிவிடும். வயதுதானே என்று நான் விட்டுவிட்டேன். தேவகி விடவில்லை. கோப்பையில் மிஞ்சிக் கிடந்த புட்டைக் காட்டி, "உதைக் கோழிக்குப் போடவே நான் அவிக்கிறன்?" என்று ஏசிவிட்டு, அடுத்த நாள் காலமையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பருத்தித்துறையில் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு தடவை எடுத்தார்கள். முதல் எடுத்தது எங்கே போனது என்று தேவகியை விட்டுக் கேட்டேன். மெஷின் சொன்ன எண்ணிக்கை நம்ப முடியாத மாதிரி இருக்கிறதாம், அதனால் திரும்பப் பார்க்கிறார்களாம். தங்கள் மெஷினைத் தாங்களே நம்பாதவர்களை நான் ஏன் நம்ப வேண்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். இரண்டாவது தடவையும் அதே எண்ணிக்கைதான் வந்தது. யாழ்ப்பாணத்துக்குப் போகச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள்.

யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தது ஆட்கள் வரிசையாக இருக்கிற நீள வாங்குகளைத்தான். ஒரு வாங்கில் இருந்து எழும்பி அடுத்த வாங்குக்குப் போவோம், அங்கே இருந்து இன்னொன்றுக்கு. எல்லா இடத்திலும் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்டார்கள். வருத்தத்துக்கு மருந்து பார்க்க அடையாள அட்டை எதற்கு என்று எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. வயிற்றை ஸ்கான் பண்ணி, மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றார்கள். விலாவுக்குக் கீழே இருந்த கல் அதுதான். வாட்டில் படுக்கவைத்தார்கள்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் பண்டத்தரிப்பில் வெங்காயத் தோட்டம் செய்கிற நாகம்மா என்ற மனிசி. இரத்தம் ஏற்ற வந்திருந்தார். நல்லவர்தான், ஆனால் வாய் மூடாது. எந்த ஊர், எந்த ஒழுங்கை, எத்தனை பிள்ளை, மருமகன் என்ன செய்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். என்னை வேவு பார்க்க இந்த மனிசியை யாராவது கொண்டுவந்து போட்டிருக்கிறார்களோ என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். பிறகு பார்த்தால் அவர் ஊசி போட வருகிற நேர்ஸிடமும் அதே கேள்விகளைத்தான் கேட்டார்.

சின்ன டொக்டர் நல்லூர்ப் பக்கத்துப் பிள்ளை. கட்டில் ஓரத்தில் இருந்து வருத்தத்தை விளங்கப்படுத்தினார். எங்கள் எலும்புக்குள்ளே மச்சை இருக்கிறது, அங்கேதான் இரத்தம் உண்டாகிறது. கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்களும் அங்கே இருந்துதான் வரும். எனக்கு அந்த வெள்ளை அணுக்கள் தேவை இல்லாமல் பெருகிக்கொண்டே போகின்றன. இரத்தப் புற்றுநோயில் ஒரு வகையாக இருக்கலாம், ஆனால் நினைத்த வகைதான் என்றால் ஒவ்வொரு நாளும் விழுங்குகிற குளிசையால் அடக்கி வைக்கலாம் என்றார். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் தேவகி என் கையைப் பிடித்தாள். அவளுடைய கை என்னுடையதை விடக் குளிர்ந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் டொக்டர் அந்தக் கேள்விகளைக் கேட்டார்.

"குடும்பத்திலை ஆருக்கும் இப்பிடி வருத்தம் இருந்ததோ அம்மா? உங்களுக்கு எத்தினை பிள்ளையள்? எல்லாரும் சுகமா இருக்கினமோ?"

எழுதுகிறதற்குப் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். நிச்சயமாக அறிய ஒரு டி.என்.ஏ. சோதனை செய்யவேண்டும், மச்சையில் கொஞ்சம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பவேண்டும் என்றும் சொன்னார். டி.என்.ஏ. என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்னது ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

ஏன் என்று இங்கே சொல்லவேண்டும். எனக்கு ஒரு மகன் இருக்கிறான், சுதாகரன். தேவகிக்கு மூத்தவன். கடைசிச் சண்டைக் காலத்தில் வன்னியில் நின்றவன். அதற்குப் பிறகு செய்தி இல்லை. செத்தான் என்று கண்டவர் ஒருவரும் இல்லை, இருக்கிறான் என்று கண்டவரும் இல்லை. வீட்டில் அவனுடைய படத்துக்கு நான் மாலை போட விடவில்லை. கோயிலில் அர்ச்சனை செய்தால் உயிரோடு இருக்கிற எங்கள் எல்லாருடைய பேரோடும் அவனுடைய பேரும் கேட்டை நட்சத்திரமும் சொல்லுவோம். ஐயர் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

சில வருஷத்துக்கு முன்னம் வெளியில் இருந்து வந்தவர்கள் காணாமல் போனவர்களைப் பற்றி ஊரில் ஒரு கூட்டம் வைத்தார்கள். எங்கேயாவது எலும்பு கிண்டி எடுத்தால், தாயின் இரத்தத்தில் உள்ள டி.என்.ஏ.யோடு ஒத்துப் பார்த்து இன்னாருடைய பிள்ளை என்று சொல்லலாமாம். விரும்பினவர்கள் பேர் பதியலாம் என்றார்கள். தேவகி, குடுத்துப் பாப்பமே அம்மா என்றாள். நான் எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். என் இரத்தத்தைக் கொடுத்து என் பிள்ளையைச் சாகக் கொடுக்கமாட்டேன் என்பதுதான் என் எண்ணம். ஒரு கிழமைக்கு நானும் அவளும் சரியாகக் கதைக்கவில்லை.

இப்போது எல்லாம் பொருந்தி வந்தது. அடையாள அட்டை இலக்கம், இரண்டு தரம் இரத்தம், எலும்புக்குள்ளே எடுக்கிறது, கொழும்பு, டி.என்.ஏ., எத்தனை பிள்ளை என்ற கேள்வி. கூட்டத்தில் பேர் பதியாதவளை ஆஸ்பத்திரிக்குள்ளே பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். என்னைக் கூட்டிவந்தது தேவகி என்பதும் நினைவுக்கு வந்தது.

டொக்டரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"ஒரு பிள்ளைதான். இந்தப் பொம்பிளைப் பிள்ளை மட்டும்தான்."

டொக்டர் ஒன்று என்று எழுதிக்கொண்டு போனார். மகன் என்று ஒருவன் இல்லாவிட்டால் யாரோடு ஒத்துப் பார்ப்பார்கள் என்பதுதான் என் கணக்கு. கெட்டித்தனமாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். தேவகி என் கையை விட்டுவிட்டாள். எழும்பி வெளியே போனாள்.

கண்ணாடி யன்னலால் பார்த்தேன். அவள் வாசலில் நின்று மருமகனோடு போனில் கதைத்துக்கொண்டு அழுதாள். அம்மாவுக்குப் புற்றுநோயாம் என்று அழுகிறாள் என்று யாரும் நினைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தன் திட்டம் குழம்பிப் போனது என்று அழுகிறாள் என்று நினைத்தேன். சொந்தப் பிள்ளையைப் பற்றி அப்படி நினைத்தேன், உள்ளதை எழுதுகிறேன்.

அடுத்த நாள் கோயில் விபூதி கொண்டுவந்து பூசினாள். ஆருடைய பேருக்கு அர்ச்சனை செய்தாய் என்று கேட்டேன். உங்களுடைய பேருக்கும் எங்களுடைய பேருக்கும் என்றாள். சுதாகரனின் பேரைச் சொல்லவில்லை. எத்தனை வருஷமாகச் சொன்ன பேர். என்னைக் கேட்காமல் முடிவு எடுத்துவிட்டாள் என்று எனக்குள்ளே கொதித்தது. அவள் கரைத்துத் தந்த பால்மா எனக்கு வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன்.

மச்சை எடுக்கிற நாள் வந்தது. கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடமாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டதற்குப் பயம் என்றேன். ஒரு நேர்ஸ் வந்து கெஞ்சினார், பிறகு கொஞ்சம் வயதான நேர்ஸ் வந்து வெருட்டினார். பயம், பயம் என்றே சொல்லிக்கொண்டு இருந்தேன். நாகம்மா கட்டிலில் எழும்பி இருந்து பார்த்துவிட்டு, "இஞ்சேரும், பிள்ளை பெத்தனீர்தானே? அதை விட உது நோகுமே?" என்றார். வாட்டில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நான் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

சின்ன டொக்டர் சிரிக்கவில்லை. இந்த வருத்தத்துக்குக் குளிசை இருக்கிறது, ஆனால் அது ஒரேயொரு பிழையைத்தான் பிடிக்கும், அந்தப் பிழை எனக்குள் இருக்கிறதா என்று தெரியாமல் கொடுக்க ஏலாது, நாள் போகப் போக வருத்தம் முற்றிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதையும் நான் நம்பவில்லை. கையெழுத்து வாங்க எல்லாரும் சொல்லுகிற கதைதானே என்று இருந்தேன். ஆனால் விலாவுக்குக் கீழே இருந்த கனம் கூடிக்கொண்டுதான் போனது. குளிக்கிற இடத்துக்கு நடக்கவே மூச்சு வாங்கியது.

தேவகி ஒரு பின்னேரம் கட்டிலில் எனக்குக் கிட்ட வந்து இருந்தாள். சுடுதண்ணிப் போத்தலில் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, நீங்களே மனசை ஆத்திக்கொண்டியள். அது நல்லதுதான். சுகம் வந்தாப்பிறகு அங்கையும் ஒருக்கா ரத்தத்தைக் குடுப்பம். அண்ணைக்குச் செய்யவேண்டியதைச் செய்யலாம்."

தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிட்டேன். பிறந்ததில் இருந்து நான் பெரிதாகக் குரல் எடுத்த நாட்கள் குறைவு. அன்றைக்கு வாட்டு முழுக்கக் கேட்டது.

"என்ரை பிள்ளையை எலும்போடை சேர்க்க நான் ரத்தம் தரமாட்டன். நீயும் டொக்டரும் கூடிச் செய்யிற வேலை எனக்குத் தெரியும்."

தேவகி நிலத்தில் சிந்தினதைத் துடைக்கக் குனிந்தவள் அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நான் என்ன செய்தனான்? நீங்கள்தானே ஒரு பிள்ளைதான் எண்டு சொன்னியள். அண்ணை இல்லை எண்டு நீங்களே ஒத்துக்கொண்டியள் எண்டுதானே அர்ச்சனையிலை பேரை விட்டனான். அண்டைக்குக் கோயிலிலை பேர் சொல்லாமல் நிண்டு நான் பட்ட பாடு தெரியுமே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவனைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்யை அவள் உண்மையாக எடுத்திருக்கிறாள். அவன் செத்துவிட்டான் என்று அவளுக்குச் சொன்னது டொக்டரும் இல்லை, கொழும்பும் இல்லை, நான்தான். நாகம்மா எழும்பி வந்து, துணியை எடுத்து, மிச்சத் தேத்தண்ணியைத் தானே துடைத்தார். அன்றைக்கு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

தேவகிதான் டொக்டரைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. டொக்டர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தன் போனில் ஒரு படம் காட்டினார். கறுப்புக்குள்ளே நீல வட்டங்கள், வட்டத்துக்குள்ளே குங்குமப் பொட்டுப் போலச் சிவப்பும் பச்சையும். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நிறமூர்த்தம் என்று படிப்பார்களே, டி.என்.ஏ. நூல் சுருண்டு கிடப்பதுதான் அது. ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம் இருக்கிறது. எனக்கு வந்திருக்கிறது என்று அவர்கள் நினைக்கிற வருத்தத்தில் ஒன்பதாம் இலக்கத்தில் ஒரு துண்டு முறிந்து இருபத்திரண்டாம் இலக்கத்தில் போய் ஒட்டிவிடும். அந்த ஒட்டுத்தான் வெள்ளை அணுக்களைப் பெருகச் சொல்லுகிறதாம்.

அதைக் கண்ணால் காண ஏலாது. அதற்குத்தான் புரோப் என்று ஒன்று. அதுவும் ஒரு சின்ன டி.என்.ஏ. துண்டுதான், நிறம் பூசினது.

"சட்டையிலை சிப் இருக்கெல்லே அம்மா. ஒரு பக்கத்துப் பல்லு தன்ரை மற்றப் பக்கத்திலைதான் போய்ப் பூட்டும், வேறை சிப்பிலை பூட்டாது. அப்பிடித்தான் உதுவும். சிவப்பு ஒரு இடத்திலை மட்டும் ஒட்டும், பச்சை இன்னொரு இடத்திலை மட்டும் ஒட்டும். ரெண்டும் பக்கத்திலை பக்கத்திலை வந்து மஞ்சளாத் தெரிஞ்சால் அந்த ஒட்டு இருக்கு எண்டு அர்த்தம். தனித்தனியா நிண்டால் இல்லை."

"பிள்ளையைத் தேடாதோ?"

"உந்த ரெண்டு நிறமும் தேடாது. அதுகளுக்கு வேறை ஒண்டும் தெரியாது."

நான் அதோடு விடவில்லை. அந்த இரத்தத்தில் வேறு நிறம் போட்டு வேறு ஒன்றைத் தேட ஏலாதா என்று கேட்டேன். டொக்டர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"பொய் சொல்லமாட்டன் அம்மா. ரத்தம் இருந்தால் வேறை முறையாலை அதையும் பாக்க ஏலும். ஆனால் உங்களைக் கேக்காமல் நாங்கள் செய்யக்கூடாது. செய்யவும் மாட்டம்."

ஏலாது என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். ஏலும் என்று சொன்னதால்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அதற்கு முதல், எழுதி வைத்ததைத் திருத்தச் சொன்னேன். டொக்டர் ஒன்று என்பதை வெட்டி இரண்டு என்று எழுதினார். பிறகு பேனையை வைத்துக்கொண்டு, மகன் சுகமா என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டார். இருக்கிறான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இத்தனை வருஷமும் கேட்டவர்களுக்கு எல்லாம் அதைத்தான் சொன்னேன்.

"தெரியாது எண்டு எழுதுங்கோ" என்றேன்.

தேவகி என்னைப் பார்த்தாள். நான் யன்னலைப் பார்த்தேன்.

மச்சை எடுக்கிறதைப் பற்றிப் புதிதாக வருகிறவர்கள் பயப்படுவார்கள், அதனால் சொல்லுகிறேன். பக்கவாட்டில் படுக்கவைத்து, இடுப்பு எலும்புக்கு மேலே விறைக்க ஊசி போடுவார்கள். பிறகு தடித்த ஊசி. அமத்துகிறது தெரியும், வெட்டுகிற நோ இல்லை. உறிஞ்சி எடுக்கிற அந்த ஒரு கணம் மட்டும் காலுக்குள்ளே மின்னல் இழுத்தது போல இருக்கும். பிள்ளைப்பேற்றை விட நோகாது, நாகம்மா சொன்னது சரி. திரும்பி வந்ததும் அதை ஒத்துக்கொள்ளும்படி அவர் என்னை விடாமல் கேட்டார்.

முடிவு வரும்வரை இருந்ததுதான் பெரிய வருத்தம். ஆஸ்பத்திரி இலவசம் என்றாலும் இந்தச் சோதனை வெளியில் செய்தது. கூரைக்கு ஓடு மாற்ற வைத்திருந்த காசை மருமகன் எடுத்தார். நான் அதைக் கேட்டபோது, "மழைக்கு இன்னும் நாள் கிடக்கு மாமி" என்றார். பிறகு மழை வந்தது, இரண்டு வாளி வைத்துச் சமாளித்தோம். அவர் முகம் சுளிக்கவில்லை.

மஞ்சள் பொட்டுத் தெரிந்தது. டொக்டர் அதைச் சந்தோஷமாகச் சொன்னபோது, புற்றுநோய் என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறாரே என்று எனக்கு மறுபடியும் ஐமிச்சம் வந்தது. ஒட்டு இருந்தால்தான் குளிசை வேலை செய்யும், அதுதான் அந்தச் சந்தோஷம். தேவகி தன் பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்டாள். இது பரம்பரையாக வருகிற பிழை இல்லை, என் மச்சைக்குள்ளே பிற்காலத்தில் நடந்தது, பிள்ளைகளுக்குப் போகாது என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் அவள் அன்றைக்குச் சாப்பிட்டாள்.

குளிசையை ஒவ்வொரு நாளும் சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணியோடு குடிக்கவேண்டும். முதலில் சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வந்தது, கண் இமை வீங்கியது, கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. நிறுத்திவிடாதீர்கள், டொக்டரிடம் சொல்லுங்கள். குளிசை எனக்குச் சரியானதுதானா என்று நான் ஒவ்வொரு தடவையும் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், இங்கிலீஷ் எழுத்து விளங்காவிட்டாலும். இப்போது வெள்ளை அணுக்கள் குறைந்துவிட்டன. விலாவுக்குக் கீழே கல் இல்லை. பாதிப் பெட்டி மீன் வெட்டுகிறேன். என் இரத்தத்தின் மிச்சம் கொழும்பில் என்ன ஆனது என்று இப்போதும் யோசிப்பேன். எறிந்துவிடுவார்கள் என்றார்கள். இருக்கலாம்.

அர்ச்சனையில் இப்போது எல்லாப் பேரும் சொல்லுகிறோம். அந்தக் கூட்டத்தைப் பற்றித் தேவகி திரும்ப வாய் திறக்கவில்லை.

நான் எழுதினதில் இலக்கங்கள், நிறங்கள் பிழையாக இருக்கலாம், டொக்டர் பார்த்துத் திருத்தவேண்டும். இன்னும் ஒன்றையும் யாராவது தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொன்னால் நல்லது. என் இரத்தத்தில் நூல் முறிந்து மாறி ஒட்டியிருக்கிறதே, இப்படியான இரத்தத்தை ஒரு தாய் கொடுத்தால், பிள்ளையை ஒத்துப் பார்க்கிற இடத்தில் அது பிழையாகக் காட்டிவிடுமா? ஆருடையதோ எலும்பை அவனுடையது என்று சொல்லிவிடுமா, அல்லது அவனுடையதையே இல்லை என்று தள்ளிவிடுமா? குளிசை குடிக்கிற காலத்தில் கொடுக்கலாமா, இல்லை கன்னத்துக்கு உள்ளே பஞ்சால் துடைத்து எடுப்பது நல்லதா? கிளினிக் நாளில் நான் யன்னல் பக்கத்து வாங்கில்தான் இருப்பேன். தேவகி மருந்து எடுக்க வரிசையில் போய் நிற்கிற நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.